உள்தையல் இல்லாத துணி: சைஸ் நம்பர் எங்கிருந்து வந்துச்சு

நம்ம ஊர்ல ஜாக்கெட் தைக்கக் கொடுத்து வாங்கின யாருக்கும் இது தெரியும். உள்பக்கம் திருப்பிப் பாத்தீங்கன்னா பக்கவாட்டுல ரெண்டு மூணு தையல் வரிசையா ஓடும், அதுக்கும் வெளிய ஒரு இஞ்ச் அளவுக்குத் துணி மிச்சம் கெடக்கும். "டைட்டா இருந்தா ஒரு தையல் பிரிச்சுக்கோங்க அக்கா"ன்னு டெய்லர் சொல்லித்தான் கவர்ல போட்டுக் கொடுப்பார். எங்கம்மா கல்யாணப் பட்டு ஜாக்கெட்டை என் தம்பி பொறந்து அவனுக்கு மொட்டை அடிக்கிற வரைக்கும் போட்டாங்கன்னா அந்த ஒரு இஞ்ச் துணி தான் காரணம். உடம்பு ஏறும் இறங்கும்னு தெரிஞ்சே வெட்டின துணி அது.

இப்ப கடையில வாங்கின ஒரு டாப்பை அதே மாதிரி திருப்பிப் பாருங்க. ஓவர்லாக் மெஷின் ஓரத்தை வெட்டிக்கிட்டே தச்சிருக்கும், ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தாலே பெருசு. பிரிச்சு விட வழியே கிடையாது. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில ஒன்பது வருஷம் மெர்ச்சண்டைசரா, அதாவது ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கற ஆளா இருந்தேன், அந்த மிச்சத் துணி எங்க போச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஒரு பீஸுக்கு ஒரு இஞ்ச் கூட விட்டா ஐம்பதாயிரம் பீஸ் ஆர்டர்ல எத்தனை கிலோ துணி கூடும்னு கணக்குப் போட்டுத்தான் பையர்கிட்ட, அதாவது ஆர்டர் கொடுக்குற வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட, விலையே பேசுவோம், பனியன் துணி டிரஸ்ஸோட அடக்க விலையில பெரும்பங்கு துணிக்கே போயிடும், அதனால எங்கெங்க குறைக்க முடியுமோ அங்கல்லாம் குறைப்போம். அப்படிக் குறைச்சுக் குறைச்சு துணியில இருந்த இடம் போயிடுச்சு, மாறிக்க வேண்டிய வேலை உடம்பு தலையில வந்து விழுந்துடுச்சு.

போன தீபாவளிக்கு என் அக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டு டிரஸ் எடுக்கப் போனேன். பதினொண்ணாவது படிக்கிறா. ட்ரயல் ரூமுக்குள்ள போனவ கால் மணி நேரமா வெளிய வரல, கதவைத் தட்டினா "சித்தி, எல் சைஸ் கூட ஏற மாட்டேங்குது, நான் அவ்ளோ குண்டாயிட்டேனா"ன்னு அழுகை. அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. அதுக்கு முந்தின மாசம் தான் வேற கடையில எடுத்த எம் சைஸ் பேன்ட் லூசா இருக்குன்னு மாத்திட்டு வந்தோம், அது அவ நினைப்புக்கே வரல. பேன்ட்டுக்குள்ள தச்சிருக்குற அந்த ஒரு எழுத்தை பிளட் டெஸ்ட் ரிசல்ட் மாதிரி நம்புறா. அந்த எழுத்து எப்படிப் பொறக்குதுன்னு உள்ள இருந்து பாத்தவ நான், அதனால எனக்கு அந்த அழுகையைத் தாங்கவே முடியல.

சைஸோட கதை அமெரிக்காவுல தொடங்குது. 1861ல இருந்து 1865 வரைக்கும் நடந்த உள்நாட்டுப் போர்ல லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு யூனிபார்ம் தைக்க வேண்டி வந்துச்சு, மார்புச் சுத்தளவை வச்சு சைஸ் பிரிச்சா ஆம்பளைங்களுக்கு ஓரளவு சரியா வருதுன்னு அங்க தான் கத்துக்கிட்டாங்க. பொம்பளைங்களுக்கும் அதே மாதிரி மார்பளவை மட்டும் வச்சு ரெடிமேட் தச்சாங்க, அது சேரவே இல்ல, கேட்லாக் பாத்து தபால்ல வாங்கினவங்க எல்லாம் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க. அப்புறம் தான் 1939லயும் 1940லயும் அமெரிக்க விவசாயத் துறை ஒரு பெரிய வேலை பண்ணுச்சு. ரூத் ஓப்ரையன், வில்லியம் ஷெல்டன்னு ரெண்டு பேர் தலைமையில சுமார் 15 ஆயிரம் பெண்களை, ஒவ்வொருத்தருக்கும் 59 இடத்துல டேப் வச்சு அளந்தாங்க. கேக்க ரொம்ப அறிவியலா இருக்குல்ல. ஆனா கணக்குல எடுத்துக்கிட்டது வெள்ளைக்காரப் பெண்களோட அளவை மட்டும் தான். மத்தவங்க வந்து நின்னாலும் அவங்க அளவு சேரல. ஒரு நாட்டுப் பெண்களோட 'சரியான அளவு' எதுன்னு முடிவு பண்ற முதல் பெரிய முயற்சியிலயே யாரோட உடம்பு கணக்குல வரும், யாரோடது வராதுன்னு முடிவாகிடுச்சு.

அதே ஆய்வுல எனக்கு மறக்கவே முடியாத இன்னொரு விஷயம் இருக்கு. உயரத்தையும் எடையையும் வச்சு சைஸ் பிரிச்சா தான் நல்லா பொருந்தும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா கடைக்கு வர்ற பெண்கள் எடையைச் சொல்ல மாட்டாங்க, கடைக்குக் கடை எடை மெஷின் வைக்கவும் முடியாதுன்னு அதை விட்டுட்டாங்க. எடையைச் சொல்ல பெண்கள் கூச்சப்படுவாங்கங்கறது 1940லயே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமா இருந்திருக்குன்னா அந்தக் கூச்சத்தை நேத்து வந்த இன்ஸ்டாகிராம் மேல மட்டும் போட முடியாது.

இந்த அளவுகளோட சராசரியை வச்சு ராபர்ட் டிக்கின்சன்ங்கற மகப்பேறு மருத்துவரும் ஏப்ரம் பெல்ஸ்கிங்கற சிற்பியும் சேர்ந்து ஒரு சிலை பண்ணினாங்க, அதுக்குப் பேரு நார்மா. 1945ல ஒஹையோ மாநிலத்துல க்ளீவ்லாண்ட் நகரத்துப் பத்திரிகை ஒண்ணு நார்மா மாதிரியே அளவு இருக்குற பொண்ணு யாருன்னு போட்டி வச்சுச்சு. 3,864 பேர் கலந்துக்கிட்டாங்க. ஒன்பது அளவு பாத்தாங்க, ஒன்பதும் பொருந்தின ஒரு பொண்ணு கூட இல்ல, அஞ்சு அளவு பொருந்தினவங்களே நாப்பது பேர் தேறல. சராசரி உடம்புன்னு ஒண்ணை சிலையா வடிச்சு வைக்கலாம், அப்படி ஒரு ஆள் நடந்து வரமாட்டாங்கன்னு அன்னைக்கே நிரூபணம் ஆகிடுச்சு. ஆனா அன்னைக்கு அங்க இருந்த ஆளுங்க அதுல இருந்து எடுத்துக்கிட்ட பாடம் என்ன தெரியுமா, நம்ம பொண்ணுங்க உடம்பைச் சரியா வச்சுக்கறது இல்லங்கறது! சிலை தப்புன்னு யாருக்கும் தோணல. ட்ரயல் ரூம்ல என் அக்கா பொண்ணுக்கு நடந்ததும் அச்சு அசல் அதே தான்.

1958ல அந்த நாட்டு அரசாங்கம் அதிகாரபூர்வமா பெண்களுக்கான சைஸ் சார்ட் வெளியிட்டுச்சு. அதுல 8ஆம் நம்பர் சைஸ்னா மார்பு 31 இஞ்ச், இடுப்பு 23.5 இஞ்ச். இன்னைக்கு அமெரிக்கக் கடையில 8ஆம் நம்பர் வாங்கினா அது பழைய 16க்குக் கிட்ட வரும். பழைய 8 இன்னைக்கு ரொம்பச் சின்ன சைஸான டபுள் ஜீரோவை (00) விடவும் சின்னது, அதுக்கு இப்ப நம்பரே இல்ல. காரணம் ரொம்ப சிம்பிள், சின்ன நம்பர் போட்டிருந்தா வாங்குறவங்க சந்தோஷமா வாங்குறாங்க, அதனால கம்பெனிங்க துணியைப் பெருசாக்கிட்டே நம்பரைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. 1983ல அரசாங்கம் அந்த சார்ட்டையே வாபஸ் வாங்கிடுச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு பிராண்டும் தன் இஷ்டத்துக்கு அளவு வச்சுக்குது. மர்லின் மன்றோ 16ஆம் சைஸ்னு ஒரு பதிவு அடிக்கடி சுத்தும் பாருங்க, அவங்களும் நம்ம மாதிரி தான்னு ஆறுதல் சொல்ற மாதிரி, அவங்க போட்ட டிரஸ்ஸோட இடுப்பை அளந்து பாத்தவங்களுக்குத் தெரியும் அது இருபத்திரெண்டு இருபத்திமூணு இஞ்ச் தான். நம்பர் அர்த்தம் மாறிடுச்சு, அவ்ளோ தான்.

சரி, ஃபேஷன் உலகத்துல மாடல்கள் ஏன் அவ்ளோ ஒல்லியா இருக்காங்கங்கற கேள்விக்கு வருவோம். நிறைய பேர் டிசைனர்களோட ரசனைன்னு சொல்லுவாங்க. ரசனையும் உண்டு தான், 1966ல லண்டன்ல ட்விக்கின்னு பதினாறு வயசுப் பொண்ணு, நாப்பது கிலோ சொச்சம் எடை, அந்த வருஷத்தோட முகம்னு பத்திரிகையில போட்டதுல இருந்து ஒரு பாதை போட்டாச்சு. ஆனா அந்தப் பாதை இத்தனை வருஷமா மூடாம இருக்குறதுக்குக் காரணம் சாம்பிள்.

ஒரு டிசைனர் புது கலெக்‌ஷன் போடும்போது ஒவ்வொரு டிசைன்லயும் ஒரே ஒரு பீஸ் தான் தைப்பாங்க, அதான் சாம்பிள். அந்த ஒரு பீஸ் தான் ரேம்ப்ல நடக்கும், அதே பீஸ் தான் பத்திரிகை ஷூட்டுக்குப் போகும், விளம்பரத்துக்குப் போகும். நாலு சைஸ்ல தைச்சா செலவு நாலு மடங்கு. அதனால ஒரே அளவு, அதுவும் ரொம்பச் சின்ன அளவு, அதுக்குள்ள போக முடியுற பொண்ணுக்குத் தான் வேலை. மாடலைப் பாத்து துணி வெட்டுற காலம் போய் வெட்டி வச்ச துணிக்கு மாடலைத் தேடுறாங்க. அந்தப் பொண்ணுங்க தான் போட்டோவுல வர்றாங்க, அந்தப் போட்டோவைத் தான் உலகம் முழுக்க அழகுன்னு பாக்குது. 2009ல பிரிட்டிஷ் வோக் பத்திரிகையோட எடிட்டர் அலெக்ஸாண்ட்ரா ஷுல்மன் பெரிய பெரிய டிசைனர்களுக்கு ஒரு லெட்டர் எழுதினாங்க, நீங்க அனுப்புற சாம்பிள் அநியாயத்துக்குச் சின்னதா இருக்கு, எலும்பு தெரியுற பொண்ணுங்களைத் தான் எங்களால போட முடியுது, அந்தப் போட்டோவை நாங்க ரீடச் பண்ணி, அதாவது கம்ப்யூட்டர்ல திருத்தி, மாடல்களைக் கொஞ்சம் குண்டாக்க வேண்டியதா இருக்குன்னு. ரீடச்னா ஒல்லியாக்கத் தான்னு நாம நெனச்சிட்டு இருக்கோம். உலகத்தோட பெரிய ஃபேஷன் பத்திரிகைக்கே டிசைனர் அனுப்புற சட்டையை மாத்துற அதிகாரம் இல்லன்னா பதினாறு வயசுல வாய்ப்பு தேடி வர்ற ஒரு மாடல் பொண்ணுக்கு என்ன அதிகாரம் இருக்கும்?

அந்தப் பொண்ணுங்க செத்தும் போயிருக்காங்க. 2006 ஆகஸ்ட்ல உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ் ஒரு ஷோ நடக்கும்போதே சரிஞ்சு விழுந்து இறந்தாங்க, 22 வயசு. அந்த நவம்பர்ல பிரேசில்ல ஆனா கரோலினா ரெஸ்டன், 21 வயசு, சாகும்போது எடை சுமார் 40 கிலோ. லூயிசெல் இறந்து ஆறு மாசம் கழிச்சு அவங்க தங்கச்சி எலியானாவும், அவங்களும் மாடல், 18 வயசு. ஒரே வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. இதை எத்தனை தடவை படிச்சாலும் அந்த அம்மா அப்பாவை நினைச்சு எனக்கு நெஞ்சு அடைக்குது.

இந்தச் சாவுகளுக்கு நடுவுலயே கட்டுப்பாடும் சட்டமும் வர ஆரம்பிச்சுச்சு. முதல்ல 2006 செப்டம்பர்ல ஸ்பெயின்ல மாட்ரிட் ஃபேஷன் வீக் பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வச்சுப் போடுற கணக்கு) 18க்குக் கீழ இருக்குறவங்களை மேடையில ஏத்த மாட்டோம்னு சொல்லுச்சு, அப்புறம் இஸ்ரேல், 2017ல பிரான்ஸ். பிரான்ஸ்ல மாடல்களுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் கட்டாயம், விளம்பரப் போட்டோவுல உடம்பை மாத்தியிருந்தா 'ரீடச் செய்யப்பட்ட படம்'னு எழுதணும், இல்லன்னா 37,500 யூரோ அபராதம். நல்ல சட்டங்கள் தான், ஆனா இதெல்லாம் மாடலைப் புடிக்குது, சாம்பிளைப் புடிக்கல. அதனால அதே வருஷம் எல்விஎம்ஹெச், கெரிங்னு ரெண்டு பெரிய ஃபேஷன் கம்பெனிங்க பெண்களுக்கான பிரெஞ்சு 32ஆம் சைஸ்ல, அதாவது ரொம்பச் சின்ன அளவுல, மாடல் எடுக்க மாட்டோம்னு ஒத்துக்கிட்டதைத் தான் நான் பெருசா நினைக்கிறேன். அந்த அளவுல மாடல் இல்லன்னா அந்த அளவுல சாம்பிளும் வெட்ட முடியாதே, மூலத்துல கை வச்சது அது.

கடை பொம்மைக்கும் இதே கதை தான். ஃபின்லாந்துல பழைய பொம்மைகளை அளந்து பாத்த ஒரு ஆய்வு 1992ல வந்துச்சு, பிற்காலத்துல செஞ்ச பொம்மை மாதிரி உடம்பு ஒரு பொண்ணுக்கு இருந்தா கொழுப்பு பத்தாம மாதவிடாயே நின்னு போயிருக்கும்னு அதுல எழுதியிருக்காங்க. நம்ம கடைங்கள்ல கண்ணாடிக்குள்ள நிக்கிற பொம்மைக்குப் பின்னாடி போய் ஒரு தடவை பாருங்க, குர்தியை முதுகுப்பக்கம் கொத்தாப் புடிச்சு கிளிப் போட்டு இறுக்கியிருப்பாங்க. எம் சைஸ் துணியே அந்தப் பொம்மைக்கு லூசு. கிளிப் போட்டதால வந்த ஃபிட்டிங்கைப் பாத்து ஆசைப்பட்டுட்டு நம்ம உடம்புல அது வரலைன்னு நாம வருத்தப்படுறோம்.

இதெல்லாம் மேல்தட்டு ஃபேஷன், நமக்கு என்னன்னு கேக்கலாம். ஃபிஜி தீவுல நடந்ததைப் பாருங்க. அங்க முன்னாடி நல்லா உடம்பா இருக்குறது தான் அழகு, மெலிஞ்சா வீட்டுல சரியா கவனிக்கலைன்னு அர்த்தம். 1995ல நாட்ரோகாங்கற பகுதிக்கு டிவி வந்துச்சு. ஆன் பெக்கர்ங்கற ஹார்வர்ட் ஆய்வாளர் டிவி வந்த உடனேயும் மூணு வருஷம் கழிச்சு 1998லயும் அங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்ககிட்ட கேட்டுப் பாத்தாங்க. எடை குறைக்கறதுக்காக சாப்பிட்டதை வாந்தி எடுக்குறவங்க முதல் தடவை ஒருத்தர் கூட இல்ல, ரெண்டாவது தடவை 11.3 சதவீதம். மூணே வருஷம்.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் தான் வந்துச்சு. லீவுக்கு ஊருக்குப் போனா வாசல்லயே நிறுத்தி "ஏன் சாமி இப்படி எளைச்சுப் போயிட்ட, சோறு திங்குறியா இல்லையா"ன்னு கேப்பாங்க. பூசுனாப்புல இருக்கான்னா அது பாராட்டு. தேறிட்டான்னா நோய் விட்டு எழுந்துட்டான்னு சந்தோஷம். இன்னைக்கு அதே குடும்பத்துக் கல்யாணத்துல "என்னடி உடம்பு போட்டுட்ட"ன்னு கேட்டா அது குத்தல், "எளைச்சுட்டியே, என்ன டயட்"னு கேட்டா பாராட்டு. ஒரு தலைமுறைக்குள்ள வார்த்தை அப்படியே திரும்பிடுச்சு. அப்பத்தா சொன்னதும் பொண்ணுங்க உடம்பை நாலு பேர் முன்னாடி அளக்குறது தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல, ஆனா அந்தப் பேச்சு முடியுறப்ப தட்டுல இன்னொரு கரண்டி சோறு விழும். இப்ப இருக்குற பேச்சு முடியுறப்ப தட்டு காலியாகுது.

இனி நான் வேலை பாத்த இடத்துக்கு வர்றேன், ஏன்னா லேபிளை நம்பக்கூடாதுங்கறதுக்கு அங்க தான் நேரடி ஆதாரம் இருக்கு. வெளிநாட்டு பையர் டெக் பேக் அனுப்புவார், அதாவது டிசைன் விவரம் எல்லாம் அடங்கின ஃபைல், அதுல மெஷர்மென்ட் சார்ட் இருக்கும். முதல்ல ஒரு சைஸ்ல, பெரும்பாலும் எம்ல, ஃபிட் சாம்பிள் தச்சு அனுப்புவோம், அங்க அளவு சரியான்னு பாக்கறதுக்குன்னே இருக்குற ஃபிட் மாடல் ஒருத்தர் போட்டுப் பாப்பாங்க. ஓகே ஆனதும் மத்த சைஸ் எல்லாம் கிரேடிங்ல வரும், அதாவது ஒவ்வொரு சைஸுக்கும் மார்புக்கு இத்தனை சென்டிமீட்டர், தோளுக்கு இத்தனைன்னு ஒரே அளவாக் கூட்டிக்கிட்டே போறது. உடம்பு அப்படி வளராது. இடுப்பு நாலு இஞ்ச் ஏறினா தோள் எலும்பு அதே கணக்குல நீளாதுல்ல. அதனால தான் டபுள் எக்ஸ்எல் வாங்குறவங்களுக்கு இடுப்பு சரியா இருந்தா தோள் கீழ இறங்குது, கழுத்து தொங்குது. ஒரே ஒரு எம் சைஸ் பொண்ணைப் பாத்து வெட்டி பெருசாக்கின துணி அது, பெரிய உடம்பை யாரும் அளக்கவே இல்ல.

அப்புறம் டாலரன்ஸ். சார்ட்ல இருக்குற அளவுல ஒரு சென்டிமீட்டர் முன்ன பின்ன இருந்தா கியூசி (தரம் பாக்குறவங்க) பாஸ் பண்ணிடுவாங்க, அப்போ ஒரே டிசைன் ஒரே லேபிள்ல ரெண்டு டாப் எடுத்தா ஒண்ணுக்கொண்ணு ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம், ரெண்டுமே 'சரி' தான். பனியன் துணி வேற துவைச்சா சுருங்கும். திருப்பூர் காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்குத் தச்சு மிச்சமான துணி, வாங்கிப் போட்டவங்களுக்கு இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கும், கை நீளமா இருக்கும், உடம்பு நீளமா இருக்கும், ஏன்னா அது ஐரோப்பாவுல உயரமா இருக்குற யாருக்கோ போட்ட அளவு. அதைத் தச்ச டெய்லர் பொண்ணுங்க யாருக்கும் அது சரியா சேராது.

நம்ம நாட்டுக்குன்னு அளவு எடுத்தா என்னன்னு கேட்டா, அந்த வேலையும் தொடங்கியாச்சு. நிஃப்ட்ங்கற ஃபேஷன் கல்லூரியும் மத்திய ஜவுளி அமைச்சகமும் சேர்ந்து 'இந்தியா சைஸ்'னு ஒரு திட்டம், 15ல இருந்து 65 வயசு வரைக்கும் 25 ஆயிரம் பேருக்கு மேல 3டி ஸ்கேனர்ல அளக்கறது. இத்தனை நாளா இங்க இருக்குற பிராண்டுங்க யுகே, யுஎஸ் சார்ட்டை எடுத்து அங்கங்க தட்டிக்கொட்டித் தான் ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. ஸ்பெயின்ல இதை 2008லயே முடிச்சுட்டாங்க, பத்தாயிரத்துக்கும் மேல பெண்களை அளந்து, எங்க நாட்டுப் பெண்கள் ஒரே வடிவம் கிடையாது, மூணு வடிவம்னு கண்டுபுடிச்சு சொன்னாங்க. நம்ம திட்டத்துல எனக்கு ஒரே கவலை தான். அளந்து முடிச்சு கடைசியில இன்னொரு நார்மாவைச் செஞ்சு வச்சிடக் கூடாது. கிடைக்கிற அளவுல எத்தனை வகை உடம்பு இருக்கோ அத்தனை வகைக்கும் பேட்டர்ன் போட்டா தான் அந்த ஸ்கேனருக்குப் போட்ட காசுக்கு அர்த்தம்.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு என் அக்கா பொண்ணுக்குச் சொன்னதை இங்கயும் சொல்லிடுறேன். ஒரு இஞ்ச் டேப் வாங்கி மார்பு, இடுப்பு, சீட் (பின்பக்கச் சுத்தளவு) மூணு அளவையும் எடுத்து போன்ல எழுதி வச்சுக்கணும். ஆன்லைன்ல வாங்கும்போது எம்மா எல்லான்னு பாக்காம சார்ட்டைத் திறந்து, அதுல போட்டிருக்குறது உடம்பு அளவா துணி அளவான்னு முதல்ல பாக்கணும், நிறைய பேர் ஏமாறுற இடம் இது தான். துணி அளவுன்னா காட்டன் குர்திக்கு நம்ம அளவை விட ரெண்டுல இருந்து நாலு இஞ்ச் வரைக்கும் கூட இருக்கணும், பனியன் துணின்னா அவ்ளோ தேவையில்ல. வாங்கினதும் லேபிள் உறுத்துச்சுன்னா கத்தரிச்சுப் போட்டுடலாம், துவைக்கிற முறை எழுதின லேபிளை மட்டும் விட்டுடுங்க.

சொன்ன உடனே எல்லாம் சரியாயிடல. இன்னும் கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நிக்கிறா, சில நாள் ராத்திரி சப்பாத்தியை எண்ணித் தான் சாப்பிடுறா, அக்காவும் நானும் கவனிச்சுக்கிட்டே தான் இருக்கோம். போன மாசம் ஸ்கூல்ல ஃபேர்வெல்லுக்கு சேலை கட்டணும்னு எங்க தெரு டெய்லர் அக்காகிட்ட ஜாக்கெட் அளவு கொடுக்கப் போனோம். அவங்க டேப்பைச் சுத்தி அளவை நோட்டுல குறிச்சுக்கிட்டு "உள்ள ரெண்டு தையல் விடட்டுமா பாப்பா"ன்னு கேட்டாங்க. அவ என்னைத் திரும்பிப் பாத்துட்டு, "மூணு விடுங்கக்கா"ன்னு சொன்னா.